மெக்கானிக்கிடம் வண்டியை விடும் முன்



நமது டிரஸ்டுக்கு வரும் உதவி மனுக்களில் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு ஆகியவற்றோடு இப்போது கார் ரிப்பேர் செலவும் சேர்ந்திருக்கிறது. கைமாறிய பழைய ஆல்டோவோ ஆம்னியோ வாங்கி, அதை நம்பியே கடை நடத்தும் குடும்பங்கள் மஹல்லாவில் பல. வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடுகிறது.

சமீபத்தில் ஒரு சகோதரர் 22,000 ரூபாய் எஸ்டிமேட்டோடு வந்தார். வண்டி சூடாகிறது என்று விட்டிருக்கிறார். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டச் சொன்னோம். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை, அவ்வளவுதான். ரிலே மாற்றியதோடு வேலை முடிந்தது.

முதல் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நாம் சொல்லவில்லை. சரியாகப் பார்க்காமல் சொல்லியிருக்கலாம். கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் அடையாளம் தெரியும்: வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறையும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும், இன்ஜின் ஆயில் பால் ஊற்றிய டீ போல் மாறும். “எதை வைத்துச் சொல்கிறீங்க பாய், கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் சூடான வண்டியை ஓட்டிக்கொண்டே கடைக்குப் போகாதீர்கள். அப்போதுதான் கேஸ்கெட் உண்மையிலேயே போகும்.

சண்டைகள் பெரும்பாலும் கூலியில்தான் வருகின்றன. “பார்த்துப் போட்டுக்குங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வரும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். கூலி இன்னதென்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஷரீஅத்தில் கூலி ஒப்பந்தத்தின் நிபந்தனை. நாட்டின் சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவுப்படி, வேலையை முடித்தவர் தன் கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். எனவே வேலை முடிந்தபின் பேரம் பேசுவது நமக்குத்தான் நட்டம்.

ஒரு துண்டுச் சீட்டு போதும். என்ன வேலை, பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு, என்றைக்குக் கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள். பழைய வண்டியைத் திறந்தால் புதுக் குறை தெரியத்தான் செய்யும். ஆகவே, “போனில் கேட்காமல் கூடுதல் வேலை செய்ய வேண்டாம்” என்பதையும் அதில் சேருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி “சரி” என்று பதில் வாங்கினாலும் நல்லதே. கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். புதியது வந்த பெட்டியில் எம்.ஆர்.பி. பாருங்கள்.

பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். தகராறு வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையோடு நிற்கும் பிள்ளைகளும் நம் மஹல்லாவினர்தான். பேசிய கூலியை வண்டி எடுக்கும் அன்றே கொடுத்துவிடுங்கள். மாதக் கணக்கில் இழுப்பவர்களால் மற்றவர்களின் வண்டியைத் தொடவும் தயங்குகிறார்கள்.

எஸ்டிமேட் புரியவில்லை என்றால் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். சம்மதம் சொல்லும் முன்பே வாருங்கள்.