உறைக்கும் வேண்டும் கவனம்

தேசிய சேவையில் சேர்வதற்கு முதல் நாள் இரவு, அண்ணன் ஒரு பெட்டியை என்னிடம் கொடுத்தார். தொடக்கப்பள்ளி நாள்களிலிருந்து அவர் சேர்த்து வந்த போக்கிமான் அட்டைகள் அதில் இருந்தன. "நீ இவற்றை வைத்து விளையாடலாம், தம்பி. ஆனால், உறை இல்லாமல் எந்த அட்டையையும் கையாளாதே. உறை கிழிந்தால் புதிதாக வாங்கலாம்; அட்டை கெட்டுப்போனால் என்ன செய்வது?" என்றார். எல்லா அட்டைகளும் உறைக்குள் இருந்ததால், இனிக் கவலை இல்லை என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்று மாதங்களுக்குப் பின், எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடந்த அட்டை விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டேன். ஆட்டம் தொடங்கும் முன், நடுவர் என் 60 அட்டைகளையும் கவிழ்த்து வைத்துப் பார்வையிட்டார். அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்து, "இது எந்த அட்டை? சொல் பார்க்கலாம்," என்றார். அதன் உறையின் ஒரு மூலை மடங்கியிருந்தது. நான் சற்றும் யோசிக்காமல் அட்டையின் பெயரைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பிக் காட்டினார். நான் சொன்னது சரி. அப்போதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது.

"நீ ஏமாற்ற நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. உன் எதிரில் அமர்ந்து விளையாடுபவருக்கு அது எப்படித் தெரியும்?" என்று நடுவர் அமைதியாகக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 60 அட்டைகளுக்கும் புதிய உறைகள் மாற்றிய பிறகே அவர் என்னை விளையாட அனுமதித்தார்.

வீடு திரும்பியதும் மற்ற அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். சன்னலோரம் ஒரு பழைய ஆல்பத்தில் நான் செருகி வைத்திருந்த அட்டைகளின் உறைகள், பிசுபிசுத்துப் பக்கங்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மினுமினுக்கும் அட்டைகள் சில, வில் போல் வளைந்திருந்தன.

வார இறுதியில் முகாமிலிருந்து வந்த அண்ணனிடம் நடந்ததை மறைக்காமல் கூறினேன். அவர் கோபப்படவில்லை. இருவரும் தரையில் அமர்ந்து ஒவ்வோர் உறையாக மாற்றினோம். அன்று அவர் சொல்லித் தந்தவற்றைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

முதலில், உறையும் ஆல்பமும் எந்தப் பொருளால் ஆனவை என்று பார்க்க வேண்டும். பிவிசி என்னும் நெகிழியை மென்மையாக்க அதனுடன் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. நாளடைவில் அவை கசிவதால் நெகிழி பிசுபிசுப்பாகிறது. அட்டையின் மையும் பாதிக்கப்படலாம். பாலிபுரோப்பிலீன் உறைகளில் இந்தத் தொல்லை இல்லை. அளவும் முக்கியம். போக்கிமான் அட்டை 63 மில்லிமீட்டர் அகலமும் 88 மில்லிமீட்டர் உயரமும் உடையது. உறை அதைவிடச் சில மில்லிமீட்டர் மட்டுமே பெரியதாக இருக்க வேண்டும். இறுக்கமான உறை அட்டையை வளைக்கும். தளர்ந்த உறைக்குள் அட்டை அசைந்து தேயும்.

அடுத்தது ஈரப்பதம். சிங்கப்பூரின் காற்றில் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல் ஈரப்பதம் உள்ளது. உறையின் வாய் திறந்திருப்பதால் ஈரக்காற்று உள்ளே நுழைகிறது. தாள் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. அதன்மேல் ஒட்டியுள்ள மினுமினுப்பான படலமோ விரிவதில்லை. அதனால்தான் அட்டை வளைகிறது. உறையிட்ட அட்டைகளை மூடிய பெட்டியில், சிலிகா ஜெல் பொட்டலத்துடன் வைக்க வேண்டும். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றவும் வேண்டும். வெயில் பட்டால் மை மங்கும் என்பதால், சன்னலோரம் ஏற்ற இடம் அன்று.

விளையாடும் முன் கைகளைக் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். உறையின் மேற்புறத்தை உலர்ந்த மென்துணியால் துடைக்கலாம். ஈரத்துணி கூடாது; உறையின் வாய் வழியே நீர் உள்ளே இறங்கிவிடும். உறைக்குள் தூசி புகுந்தால் அது அட்டையைக் கீறும். அந்த உறையை மாற்றிவிட வேண்டும். அட்டைகளைக் கலைக்கும்போது வளைக்காமல், இரு பகுதிகளாகப் பிரித்து மெதுவாக ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டும். கரடுமுரடான மேசையில் துணி விரிப்பைப் போட்டுக்கொண்டால் உறை தேயாது.

"பழைய உறைகளுக்கு நடுவே ஒரே ஒரு புதிய உறை இருந்தாலும் அது தனியாகத் தெரியும். மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் மாற்று," என்றார் அண்ணன்.

மறுநாள் முகாமுக்குத் திரும்பும்போது, அவர் பெட்டியை மீண்டும் என்னிடமே கொடுத்தார். இப்போதெல்லாம் போட்டிக்குச் செல்லும் முன் என் அட்டைகளைக் கவிழ்த்து வைக்கிறேன். அவற்றுள் எதையாவது என்னால் அடையாளம் காண முடிகிறதா என்று பார்க்கிறேன். முடியவில்லை என்றால்தான் வீட்டைவிட்டுப் புறப்படுகிறேன்.

கருத்துணர் வினாக்கள்

1. நடுவர் ஓர் அட்டையை மட்டும் தனியே எடுத்ததன் காரணம் என்ன?
2. மினுமினுக்கும் அட்டைகள் ஏன் வளைகின்றன?
3. உறைகளை மாற்றும்போது எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று அண்ணன் ஏன் கூறினார்?
4. அண்ணன் பெட்டியை மீண்டும் தம்பியிடமே கொடுத்தது எதைக் காட்டுகிறது? உன் கருத்தை எழுதுக.