ஓட்டு வீடும் ஒரு பாடம்



எங்கள் ஊர் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடம். இங்குள்ள பெருமாள் கோயிலில், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்லும் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதைத் தொல்லியல் துறை காக்கிறது. என் தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீட்டை யார் காப்பது?

“சிவில் படிக்கிறியே, இதை இடிச்சிட்டு மாடி வீடு கட்டுடா” என்கிறார் அப்பா. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இடிக்கும் முன் அளந்து பார்ப்போமே என்று டேப்பை எடுத்தேன்.

கூரையின் பாதி அகலம் 8 அடி. உயரம் 4 அடி 7 அங்குலம். டான் கணக்குப் போட்டால் சாய்வு 30 டிகிரி! ஓடுகள் மல்லாந்து ஒன்று, கவிழ்ந்து ஒன்றாக நிற்கின்றன. மேல் ஓட்டின் நுனி கீழ் ஓட்டின் தலையில் ஏறி நிற்பதால் தண்ணீர் உள்ளே வராமல் வழிந்துவிடுகிறது. ரஷ்யாவின் கிழி தீவில் 1714-ல் கட்டிய மரக் கோயிலின் குவிமாடங்களில் மரச் செதில்களை அடுக்கியிருப்பதும் இதே தத்துவம்தான்.

ஓட்டு வீடு மேலிருந்துதான் சாகும். அணிலோ குரங்கோ ஓர் ஓட்டை நகர்த்தினால் போதும். முதலில் வரிச்சு இற்றுப்போகும், அடுத்து கைமரத்தில் கரையான் ஏறும், கடைசியில் மண் சுவர் கரையும். ஒழுகும் இடத்தில் சிமெண்ட் பூசுவது வைத்தியம் அல்ல. வெயிலில் அது வெடிக்கும், ஈரம் உள்ளேயே தங்கும், ஓட்டையும் திரும்ப எடுக்க முடியாது. ஐப்பசி மழைக்கு முன்பே ஓட்டைப் பிரித்து, குப்பை தள்ளி, இற்ற வரிச்சை மாற்றி மறுபடி அடுக்குவதே சரி.

முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், இடிய இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும் அங்கே உண்டு. அதைப் பார்க்க டிக்கெட் வாங்குகிறோம். ஆனால் அதே மாதிரி வீட்டை நம் தெருவில் இடிக்கிறோம்!

எங்கள் கூடத்துக் குழித்தறி இன்னும் ஓடுகிறது. சித்திரை வெயிலிலும் ஓட்டுக்கடியில் அப்பாவால் உட்கார்ந்து நெய்ய முடிகிறது. அதைச் சொல்லி, “இந்த வருஷம் ஓடு மட்டும் மாத்துவோம்ப்பா” என்றேன். அப்பா கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தார். “சரி, இந்த மழைக்குத் தாங்குதா பார்ப்போம்” என்றார்.

நண்பர்களே, கட்டத் தெரிந்தவன் மட்டுமல்ல, காக்கத் தெரிந்தவனும் என்ஜினியர்தான். லீவில் ஊருக்குப் போகும்போது, உங்கள் வீட்டுக் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்!