ஏடிவி-யில் பிளக் கரண்ட் வரவில்லையா? சிடிஐ வாங்குவதற்கு முன்

கிக்கரை மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறது, அல்லது செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வண்டி எடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு மெக்கானிக் "கரண்ட் வரலை" என்கிறார். அடுத்து அவர் சொல்வது பெரும்பாலும் "சிடிஐ போயிருக்கும்" என்பதுதான். இக்னிஷனை இயக்கும், கறுப்புப் பிசின் ஊற்றி மூடிய பெட்டி அது. உள்ளே பார்க்க முடியாது, மீட்டர் வைத்தாலும் உருப்படியான பதில் கிடைக்காது. சோதிக்க முடியாத பொருள் மீது பழி போடுவது சுலபம். என்னைக் கேட்டால், சந்தேகப் பட்டியலில் கடைசியாக வரவேண்டியது அதுதான்.

பழுதைக் கண்டுபிடிக்க நம் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. பொருளை மாற்றி மாற்றிப் பார்ப்பது ஒன்று. மீட்டரில் ஓம் அளப்பது இன்னொன்று. எஞ்சினைச் சுற்றவிட்டு வோல்ட் அளப்பது மூன்றாவது. எதுவும் வேண்டாம் என்று வண்டியை ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவது நான்காவது. இவற்றில் எது சரி என்பது உங்கள் வண்டிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. அதற்கும் முன்னால், கரண்ட் உண்மையிலேயே வரவில்லையா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இல்லை என்பதற்கு என்ன சாட்சி?

பழைய பிளக்கை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். புதிய பிளக் ஒன்றைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்தமாகப் படவைத்துச் சுற்றிப் பாருங்கள். பிளக் துளையைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் அருகிலேயே பொறி பார்ப்பது பெட்ரோல் ஆவியைக் கொளுத்தும் வேலை. பிளக்கை எர்த் இல்லாமல் அந்தரத்தில் தொங்கவிட்டுக் கிக்கர் அடித்தால், அதுவரை நன்றாக இருந்த காயிலும் சிடிஐ-யும் கெட்டுப்போகலாம்.

இதற்கென்று இடைவெளியை மாற்றி வைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் விற்கிறது. பிளக்கை விட அதை நம்பலாம். யமஹாவின் ஒர்க்‌ஷாப் கையேடுகள் பொறி குறைந்தது 6 மில்லிமீட்டர் தாண்ட வேண்டும் என்கின்றன. வெளிக்காற்றில் பிளக்கின் சிறிய இடைவெளியைத் தாண்டும் மெலிந்த பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் அணைந்துவிடும். வெளியே பார்த்து "கரண்ட் இருக்கு" என்று முடிவு கட்டியவர் பிறகு கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

டெஸ்டரிலும் பொறி இல்லை என்றால், பிளக் கேப்பைத் திருகிக் கழற்றுங்கள். ரெசிஸ்டர் வைத்த கேப் என்றால் வழக்கமாக 5 கிலோ ஓம் காட்டும். முடிவில்லா ஓம் காட்டினால் குற்றவாளி அதுவே. வயர் முனை பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, கேப்பை மறுபடி திருகுங்கள். பிளக் நம்பரையும் பார்த்துவிடலாம்: யமஹா பிளாஸ்டருக்கும் பான்ஷிக்கும் என்ஜிகே பி8ஈஎஸ், சீனத்து 110 சிசி வண்டிகளில் பெரும்பாலும் ஏ7டிசி, அதற்கு ஈடாக என்ஜிகே சி7எச்எஸ்ஏ.

பான்ஷிக்காரர்களுக்கு ஒரு துணைக்குறிப்பு. அதன் இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே காயில்தான். இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் பொறி விடும். ஒரு பக்கம் பொறி வந்து மறுபக்கம் வரவில்லை என்றால், மேக்னட் காயிலையும் சிடிஐ-யையும் விட்டுவிட்டு அந்தப் பக்கத்து வயர், கேப், பிளக் மூன்றையும் முதலில் பாருங்கள். சோதிக்கும்போது இரண்டு பிளக்குக்கும் எர்த் இருக்க வேண்டும்.

உங்கள் வண்டி எந்த வகை?

சுற்றுலா இடங்களில் வாடகைக்கு ஓடும் சிறிய சீன வண்டிகளில் பலவும், 1987 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்ற பான்ஷி, 1988-இல் தொடங்கிய பிளாஸ்டர் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளும் ஏசி சிடிஐ வகை. பேட்டரி செத்திருந்தாலும் இவற்றில் பொறி வரும். மேக்னட் சுற்றும்போது சார்ஜிங் காயில் நூறு வோல்ட்டுக்கு மேல் தயாரித்துச் சிடிஐ-க்குள் இருக்கும் கெப்பாசிட்டரை நிரப்பும். மேக்னட்டின் வெளிப்புறத்தில் உள்ள மேடு பல்சர் காயிலைக் கடக்கும் நொடியில், நிரம்பியது மொத்தமும் பிளக்குக்குப் பொறி தரும் ஹெச்டி காயிலுக்குள் கொட்டும். நம் ஊரில் யமஹா ஆர்எக்ஸ் 100 பிரித்துப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

டிசி சிடிஐ-யில் சார்ஜிங் காயில் கிடையாது. பேட்டரியின் 12 வோல்ட்டைப் பெட்டிக்குள்ளேயே உயர்த்திக்கொள்ளும். ஆகவே இங்கே முதல் சந்தேகம் பேட்டரி, ஃபியூஸ், எர்த். சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.5 வோல்ட் இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடையக்கூடாது. செல்ஃப் சுற்றும்போது சிடிஐ சாக்கெட்டில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றுகிற அளவுக்குத் தெம்பு இருந்தும் பொறிக்குப் போதாத பேட்டரிகள் உண்டு.

மூன்றாவது, ஈசியு வைத்த ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். வண்டி கவிழ்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார், கிராங்க் சென்சார் என்று சந்தேகிக்க வேண்டியவை வேறு. பொறியும் இல்லை, இன்ஜெக்டரும் வேலை செய்யவில்லை என்றால் பொதுவாகக் கிராங்க் சென்சாரை முதலில் பார்ப்பார்கள். பழுதுக் குறியீடு படிக்கும் கருவி கைவசம் இல்லாதவர் இந்த வகையில் நேராக நான்காவது வழிக்குப் போவதுதான் சிக்கனம். இனி எழுதுவது பெரும்பாலும் ஏசி சிடிஐ வண்டிக்கு.

ஒரே ஒரு வயர்

ஏசி சிடிஐ-யில் எஞ்சினை நிறுத்தும் முறை விசித்திரமானது. ஸ்விட்ச் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. கில் வயரை எர்த்தோடு சேர்த்து, சார்ஜைத் தரையில் கொட்டிவிடுகிறது. சாவி, ஹேண்டில்பார் ஸ்விட்ச், பின்னால் நிற்கும் பெற்றோர் பிடித்து இழுக்கும் கயிறு ஸ்விட்ச், சிலவற்றில் ரிமோட் பெட்டி: சிறுவர் வண்டியில் இத்தனையும் அந்த ஒரே வயரில்தான் தொங்குகின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றில் ஈரம் புகுந்தாலோ, வயர் உரசித் தோல் போனாலோ கரண்ட் மொத்தமும் போய்விடும். சிடிஐ-க்கும் காயிலுக்கும் ஒரு குறையும் இருக்காது.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், சிடிஐ சாக்கெட்டுக்கு வரும் கில் வயரைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். ஹோண்டா, யமஹா, சீன வண்டிகள் பலவற்றிலும் அது கறுப்பில் வெள்ளைக் கோடு. ஆனால் சீன வண்டியில் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஸ்விட்சை ஆஃப் செய்தால் எர்த்தோடு சேரும் வயர் எது என்று மீட்டரின் பீப் ஒலியை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். கழற்றியதும் பொறி வந்தால் சிடிஐ, காயில் எல்லாவற்றுக்கும் விடுதலை. பழுது ஸ்விட்சுகளில், அல்லது அவற்றின் வயரில். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும்; இந்த வயர் இல்லாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

யமஹா டூ-ஸ்ட்ரோக்குகளில் டோர்ஸ் என்ற இன்னொரு காவலாளியும் உண்டு. கட்டைவிரல் த்ராட்டிலை விட்ட பிறகும் கார்புரேட்டர் மூடவில்லை என்றால் இக்னிஷனை வெட்டும் ஏற்பாடு அது. வயதானால் அதன் ஸ்விட்சுகளே பொய் சொல்லும். சோதனைக்காக அதைத் தனிமைப்படுத்திப் பார்ப்பது சரி. நிரந்தரமாகப் பிடுங்கிப் போடுவது அமெரிக்க மைதானங்களில் சர்வ சாதாரணம். த்ராட்டில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கயிறு ஸ்விட்சாவது மாட்டுங்கள்.

ஓமா, வோல்ட்டா?

கில் வயரைக் கழற்றியும் பொறி இல்லை. இப்போது மீட்டர்.

ஓம் அளப்பதில் வசதி அதிகம்: சில நூறு ரூபாய் மீட்டர் போதும், வண்டி சுற்ற வேண்டியதில்லை, துணைக்கு ஆளும் தேவையில்லை. ஹெச்டி காயிலின் பிரைமரி பொதுவாக ஒரு ஓமுக்குக் கீழே, செகண்டரி சில கிலோ ஓம். சார்ஜிங் காயிலும் பல்சர் காயிலும் பெரும்பாலும் நூறு ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை. பிரைமரியை அளக்கும்போது, மீட்டர் முள்கள் இரண்டையும் ஒட்டவைத்தால் வரும் எண்ணைக் கழித்துவிடுங்கள். அவ்வளவு சிறிய அளவில் முள்ளின் ஓமே பாதியைச் சாப்பிட்டுவிடும்.

ஆனால் ஓம் சோதனை தரும் தீர்ப்பு ஒருபக்கமானது. "கெட்டது" என்று சொன்னால் நம்பலாம். "நல்லது" என்று சொன்னால் நம்பக்கூடாது. மீட்டர் அனுப்புவது ஒன்றிரண்டு வோல்ட். இருநூறு வோல்ட்டில் வார்னிஷ் உடைந்து கசியும் காயில் அந்தச் சோதனையில் சுகமாகத் தேறிவிடும். கால் மணி நேரம் ஓடிச் சூடானதும் நின்று, ஆறியதும் தானே ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இந்தக் கதைதான் நடக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை நின்ற அந்த நிமிடத்திலேயே அளக்க வேண்டும், அல்லது காயிலை ஹேர் டிரையரால் சூடாக்கி அளக்க வேண்டும். மறுநாள் காலை அளப்பது வீண்.

வோல்ட் சோதனை இதைவிட நேர்மையானது. சார்ஜிங் காயிலின் வயரைச் சிடிஐ-யிலிருந்து பிரித்து, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் சுற்றினால் சிறிய சீன எஞ்சின்களில் வழக்கமாக 40 முதல் 80 வரை காட்டும். பல்சர் காயில் அரை வோல்ட் அளவுக்குத்தான் துடிக்கும். இந்த எண்கள் மெய்யான உச்சம் அல்ல. காயில் தருவது கூரான துடிப்பு, சாதாரண மீட்டர் அதைச் சராசரியாக்கிவிடுகிறது. உச்சத்தைப் பிடிக்கப் பீக் வோல்டேஜ் அடாப்டர் வேண்டும். ஹோண்டா கையேடுகள் பலவற்றில் இருக்கும் அளவுகோல் இதுதான்: ஹெச்டி காயில் பிரைமரியில் குறைந்தது 100 வோல்ட், பல்சர் காயிலில் குறைந்தது 0.7 வோல்ட். மீட்டரின் உள்தடை 10 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.

கம்பெனி அடாப்டரின் விலை, எப்போதாவது ஒருமுறை பார்ப்பவருக்குக் கட்டாது. கை பழகியவர்கள் ஒன் என் 4007 டயோடு ஒன்று, 630 வோல்ட் தாங்கும் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்று, அதை வடிக்கும் ரெசிஸ்டர் ஒன்று வைத்துத் தாங்களே செய்துகொள்கிறார்கள். ஒன்றும் காட்டாவிட்டால் முனைகளை மாற்றிப் பாருங்கள், துடிப்பு எதிர்த்திசையில் இருக்கலாம். கெப்பாசிட்டர் நல்ல ஷாக் கொடுக்கும். பல்சர் காயிலுக்கு இந்தக் கைச்சரக்கு உதவாது: டயோடு தன் பங்குக்குச் சுமார் 0.6 வோல்ட்டை விழுங்கிவிடும், மீதி எதை அளப்பது? அங்கே மீட்டரின் சிறிய ஏசி அளவுகோலே போதும்.

சார்ஜிங் காயில், பல்சர் காயில் இரண்டிலிருந்தும் சிடிஐ-க்கு வருவது சரி, எர்த் சரி, கில் வயர் கழற்றியாயிற்று, ஹெச்டி காயிலும் சரி, ஆனாலும் பிரைமரிக்கு எதுவும் வரவில்லை. சிடிஐ மீது குற்றம் சாட்ட இப்போதுதான் ஆதாரம் கிடைத்திருக்கிறது. மாற்றிப் பார்க்கும் முதல் வழி பொருந்தும் ஒரே இடமும் இதுதான்; கம்பெனி கையேடே நல்ல பெட்டி ஒன்றைப் போட்டுப் பார்க்கத்தான் சொல்கிறது. வாடகைக்கு ஒரே மாதிரி பத்து வண்டி வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. ஒற்றை வண்டிக்காரர் சாக்கெட்டில் பொருந்துகிறதே என்று எதையாவது செருகக்கூடாது. சாக்கெட் ஒன்று போலவே இருந்தும் உள்ளே பின்களின் வரிசை வேறாக இருக்கலாம். ஏசி பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் சும்மா கிடக்கும். டிசி பெட்டிக்கு மேக்னட் காயிலின் வோல்டேஜ் போனால் செத்துவிடும்.

வாங்கும்போது

சிடிஐ என்றால், சீன வண்டிக்கு மலிவான மாற்றுப் பெட்டியே போதும். யமஹா, ஹோண்டாவுக்குக் கம்பெனிப் பொருள், கிடைக்காவிட்டால் ஓடும் வண்டியிலிருந்து கழற்றிய பழைய அசல். ஹெச்டி காயிலில் இவ்வளவு யோசனை வேண்டாம். சிடிஐ வகைக்கான காயிலா என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

சார்ஜிங் காயிலும் லைட்டுக்கான சுற்றும் சேர்ந்த மேக்னட் காயில்தான் சிந்திக்க வைப்பது. அசல் விலை அதிகம், மலிவான நகல் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அதனால் காயில் கட்டலாமே என்று தோன்றும். லைட்டுக்கான தடித்த கம்பிச் சுற்று போயிருந்தால், கோவையில் பம்ப் மோட்டார் காயில் கட்டுகிற எவரும் கட்டித் தருவார். சார்ஜிங் காயில் அப்படியல்ல. முடி போன்ற கம்பி, ஏராளமான சுற்று, ஒரு இடத்தில் எனாமல் கீறினாலும் மறுபடி அதே பழுது. அதில் கை பழகியவர் என்றால் மட்டும் கொடுங்கள். எஞ்சின் ஆயிலில் நனைந்து ஓடும் வகையா, உலர்ந்த வகையா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; நனையும் வகைக்குச் சூடான ஆயிலைத் தாங்கும் எப்பாக்சி வேண்டும்.

காயில் திரும்பி வந்ததும், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒருமுறை, நன்றாக ஓடிச் சூடான பின் ஒருமுறை ஓமும் வோல்ட்டும் அளந்து ஒரு தாளில் எழுதி, இருக்கைக்கு அடியில் ஒட்டி வையுங்கள். கையேடே இல்லாமல் வரும் சீன வண்டிக்கு அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க வேறு எண்கள் கிடைக்காது.