கார் நடுங்கினால் முதலில் றப்பரைப் பாருங்கள்

பழைய கார் ஒன்று நடுங்கவும் இடிக்கவும் தொடங்கினால், பலர் முதலில் கிளச்சையோ கியர்பொக்ஸையோ சந்தேகிக்கிறார்கள். கழற்றிப் பார்த்துக் கூலியும் கொடுத்த பின்னரும் நடுக்கம் நிற்பதில்லை. இப்படியான பல வேளைகளில் குற்றம் எஞ்சினைத் தாங்கும் சிறிய றப்பர்த் துண்டுகளில்தான் இருக்கிறது. சொந்தக் காணியை விட்டு வந்து குத்தகை நிலத்தில் பயிரிடும் குடும்பத்துக்கு, மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றவும் இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் ஒரு பழைய கார் பெரிய துணை. ஒரு போக வருமானம் பிழையான திருத்தத்தில் கரைந்துவிடக் கூடாது. ஆகவே, குற்றத்தை நாமே கண்டறியும் முறையை இப்பாடத்தில் படிப்போம். நம்மூர்களில் பலருக்கும் பழக்கமான மொறிஸ் மைனரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இக்காரின் அமைப்பு எளிமையானது. பார்த்துப் பழக ஏற்றது.

1. இந்த றப்பர் செய்யும் வேலை

எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒன்றாகப் பூட்டப்பட்டவை. முன்புறத்தில் எஞ்சினின் இரு பக்கமும் றப்பர்கள் தாங்குகின்றன. பின்புறத்தில் கியர்பொக்ஸ், அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தின் மீது றப்பர் வைத்து இருத்தப்பட்டிருக்கிறது. இவற்றையே கராஜ்களில் 'மவுண்டிங்' என்கிறார்கள். இரும்புத் தகடுகளோடு றப்பர் ஒட்டி வார்க்கப்பட்டிருக்கும். அது பாரத்தைத் தாங்குகிறது. எஞ்சினின் அதிர்வு உடலுக்குப் போகாமல் தடுக்கிறது. கார் இழுக்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாய முயல்வதையும் கட்டுப்படுத்துகிறது.

2. ஏன் பழுதாகிறது?

முதுமையாலும் எஞ்சின் சூட்டாலும் றப்பர் இறுகி வெடிக்கும். அதற்கு மேலும் பெரிய எதிரி ஒயில். ஒயில் ஊறிய றப்பர் வீங்கி, மென்மையாகி, தகட்டை விட்டுக் கழன்றுவிடும். 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் கார்களைச் சிறிதளவு பெற்றோலில் இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதை ஐதாக்கும். ஐதான ஒயில் எளிதில் கசியும். அவ்வாறு ஓடிய கார் இன்னும் உங்களிடம் இருந்தால், அதன் றப்பர்களைக் கட்டாயம் பாருங்கள்.

3. அறிகுறிகள்

அ) நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது ஆசனமும் கதவுகளும் நடுங்கும், வேகம் கூட்டினால் நடுக்கம் குறையும்.

ஆ) புறப்படும்போதும், அக்சிலேற்றரை விடும்போதும் 'டொக்' என்று இடிக்கும்.

இ) கியர்த் தடி முன்னும் பின்னும் துள்ளும். மைனரில் தடி கியர்பொக்ஸின் மேலேயே நிற்பதால், பெட்டி அசைந்தால் தடியும் அசையும்.

ஈ) கிளச்சை விடும்போது கார் உதறி உதறிப் புறப்படும். மைனரின் கிளச் மிதி தடிகளால் இணைக்கப்பட்டது. எஞ்சின் அசைந்தால் அத்தடிகளும் இழுபட்டு, கிளச் பிடித்தும் விட்டும் வேலை செய்யும். கிளச் பிளேற் பழுது என்று பலர் மயங்குவது இங்கேதான்.

4. சோதிக்கும் முறை

முதலாவது, கண்ணால் பார்த்தல். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, றப்பர்களைத் துணியால் துடையுங்கள். வெடிப்பு, வீக்கம், தகட்டுக்கும் றப்பருக்கும் இடையே பிளவு இருக்கிறதா என்று ரோச் லைற் அடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, தூக்கிப் பார்த்தல். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜக்கின் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, எஞ்சினின் அடிப்பகுதியை மெதுவாகச் சற்றே உயர்த்துங்கள். பலகை இல்லாவிட்டால் ஒயில் சம்ப் நசுங்கும். நல்ல றப்பர் இழுபட்டாலும் தகட்டை விடாது. இடைவெளி விரிந்தால் அது அறுந்துவிட்டது. கியர்பொக்ஸையும் இவ்வாறே பாருங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே ஒருபோதும் படுக்க வேண்டாம்.

மூன்றாவது, இழுக்க வைத்துப் பார்த்தல். இதற்கு இருவர் தேவை. பொனற்றைத் திறந்து, கைப்பிறேக்கைப் போட்டு, கால் பிறேக்கையும் அழுத்தியபடி ஒருவர் முதலாம் கியரில் கிளச்சைச் சிறிது சிறிதாக விட வேண்டும். எஞ்சின் திணறும் நேரத்தில் மீண்டும் கிளச்சை மிதிக்க வேண்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். காரின் முன்னும் பின்னும் எவரும் நிற்கக் கூடாது. கையும் சேலைத் தலைப்பும் விசிறிக்கு அருகே போகக் கூடாது. எஞ்சின் சிறிது சாய்வது இயல்பு. ஒரு பக்கம் துள்ளி எழுந்து இடித்தால் றப்பர் பழுது. றிவேர்ஸ் கியரிலும் செய்து பாருங்கள். அப்போது மறுபக்கம் எழும்.

5. வேறு குற்றங்களோடு மயங்க வேண்டாம்

எஞ்சின் ஓசையே விட்டு விட்டுக் கேட்டால், முதலில் பிளக்கையும் எரிபொருளையும் கவனியுங்கள். இடி கேட்டும் றப்பர்கள் நன்றாக இருந்தால், எஞ்சினை நிறுத்தி, பின்சில்லுக்குப் போகும் நீண்ட தண்டைக் கையால் திருகிப் பாருங்கள்; அதன் மூட்டில் ஆட்டம் இருக்கலாம். ஓடும்போது ஒரு குறித்த வேகத்தில் மட்டும் வந்து, நியூற்றலில் விட்டாலும் நிற்காத நடுக்கம் சில்லிலிருந்தோ அத்தண்டிலிருந்தோ வருவது. றப்பர்கள் நன்றாக இருந்தும் கார் உதறிப் புறப்பட்டால், அப்போதுதான் கிளச்சைத் திறக்க வேண்டும்.

6. மாற்றும்போது

ஒயில் கசிவை முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் புதிய றப்பரும் விரைவில் அழியும். முன்றப்பர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதைக் கடைக்குக் கொண்டு போய், உயரத்தையும் துளைகளையும் ஒப்பிட்டு வாங்குங்கள். எல்லாப் போல்ட்களையும் தளர்வாகப் போட்டு, எஞ்சின் தன் இடத்தில் இருந்த பின்னரே இறுக்குங்கள். ரயர்த் துண்டு வெட்டி வைப்பது கராஜ் வரை போவதற்கு மட்டும் உதவும். உயரம் மாறினால் விசிறி ரேடியேற்றரில் முட்டக்கூடும்.

கராஜுக்குப் போனாலும், "கார் நடுங்குது" என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் கண்டதை மெக்கானிக்குக்குச் சொல்லுங்கள். எந்தப் பக்க றப்பர் பிரிந்திருக்கிறது என்று தெரிந்து பேசுபவரின் பணம் வீணாகாது.

குழுவில் கலந்துரையாட:

1. நமது ஊரிலுள்ள பழைய வாகனங்களில் இந்த அறிகுறிகள் எவற்றில் காணப்படுகின்றன?

2. ஜக், ஸ்பனர் போன்ற ஆயுதங்களைச் சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்திருக்க முடியுமா?

3. இச்சோதனையை இளைஞருக்கும் பெண்களுக்கும் செய்து காட்டக்கூடியவர் நம்மிடையே யார்?