குறியீட்டு எழுத்துருக்களுக்கு ஓர் அச்சு அட்டவணை: மேக்ரோ வழிச் செய்முறை

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றி வந்தது தமிழர் மரபு. கணிப்பொறியினுள் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்தே நிற்கின்றன. திரையில் நாம் காணும் ஒவ்வோர் எழுத்தும் உள்ளே ஓர் எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. அவ்வெண்ணுக்கு உருவம் அளிப்பது எழுத்துரு. எழுத்துருவை மாற்றினால் எண் மாறுவதில்லை, உருவமே மாறுகிறது. இவ்வடிப்படையை மறப்பதால் நேரும் பிழைகள் பல.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரை அடுத்து, ஸலவாத்துச் சொற்றொடர் முழுவதையும் ஒரே குறியீடாக அமைப்பது இஸ்லாமியப் பதிப்புகளில் காணப்படும் அழகிய வழக்கம். அக்குறியீட்டைச் சிறப்பு எழுத்துரு ஒன்றால் தட்டச்சு செய்து, கோப்பை வேறொரு கணிப்பொறிக்கு அனுப்புகிறோம் எனக் கொள்வோம். அங்கே அவ்வெழுத்துரு இல்லையேல், குறியீடு நின்ற இடத்தில் ஓர் ஆங்கில எழுத்தோ வெற்றுக் கட்டமோ நிற்கும். விவரம் அறிந்த மெய்ப்புத் திருத்துநர் அதனைச் சீராக்குவார்; அறியாதவரோ அச்சுப்பிழை எனக் கருதி நீக்கிவிடுவார். வாழ்த்து நின்ற சுவடே மறைந்துபோகும்.

இதற்குத் தக்க காப்பு, எந்த எண்ணில் எந்தக் குறியீடு உள்ளது என்பதைக் காட்டும் அட்டவணையைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்வதாகும். அதனைக் கையால் தயாரிப்பது சலிப்பூட்டும் பணி. மேக்ரோ எனப்படும் சிறு கட்டளைத் தொகுப்பு அதனைச் சில நிமிடங்களில் முடித்துத் தரும். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறியீட்டு எழுத்துருக்கள்

எழுத்துகளுக்கு மாறாகப் படங்களையும் அடையாளங்களையும் கொண்டவை குறியீட்டு எழுத்துருக்கள். ஜெர்மானிய எழுத்துருக் கலைஞர் ஹெர்மன் சாஃப் வடிவமைத்த சாஃப் டிங்பாட்ஸ் 1978இல் வெளிவந்தது. சார்லஸ் பிகிலோ, கிரிஸ் ஹோம்ஸ் ஆகிய இருவரும் வரைந்த குறியீடுகளின் உரிமையை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1990இல் பெற்றது. அவற்றிலிருந்து தொகுக்கப்பட்ட விங்டிங்ஸ் எழுத்துரு 1992இல் விண்டோஸ் 3.1 உடன் வெளிவந்தது. கிரேக்க எழுத்துகளும் கணிதக் குறிகளும் கொண்ட சிம்பல் எழுத்துருவும் பலர் அறிந்ததே.

இவற்றின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஆங்கிலச் சிறிய எழுத்தாகிய ‘ஏ’யைத் தட்டி, அதற்குச் சிம்பல் எழுத்துருவை அளித்தால் கிரேக்க ஆல்ஃபா தோன்றும். பெரிய ‘ஜே’ எழுத்துக்கு விங்டிங்ஸை அளித்தால் சிரிக்கும் முகம் தோன்றும். பெரிய ‘இசட்’ எழுத்து பிறையும் விண்மீனும் ஆகும். இவற்றின் எண்கள் முறையே 97, 74, 90 என்பன.

எண்களின் இருப்பிடம்

இவ்வகை எழுத்துருக்களில் குறியீடுகள் 32 முதல் 255 வரையுள்ள 224 இடங்களில் அமைகின்றன. யூனிகோடு முறை வந்தபின், 57344 முதல் 63743 வரையுள்ள எண்கள் எவரும் தத்தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளும் தனிப்பயன் பகுதியாக ஒதுக்கப்பட்டன. விண்டோஸின் குறியீட்டு எழுத்துருக்கள் அப்பகுதியில் 61440 என்னும் எண்ணை அடியாகக் கொள்கின்றன. ஆகவே 74ஆம் குறியீட்டின் உள்ளெண் 61440 + 74 = 61514 ஆகும்.

இங்கு மாணவர்களைத் திகைக்க வைக்கும் செய்தி ஒன்றுண்டு. வேர்டு செயலியின் மேக்ரோவில் இவ்வெண் எதிர்ம எண்ணாக எழுதப்படுகிறது. 16 பிட்டுகளுக்குள் நேர்ம, எதிர்ம எண்கள் இரண்டையும் அடக்கும்போது 32767க்கு மேற்பட்டவை 65536 கழிக்கப்பட்டு எதிர்மமாகின்றன. 61440 − 65536 = −4096. எனவே எந்தக் குறியீட்டுக்கும் அதன் எண்ணிலிருந்து 4096 கழித்தால் போதும். 74க்கு உரியது −4022.

மேக்ரோ அமைக்கும் முறை

நாம் கையால் செய்யும் செயல்களை வரிசைப்படி எழுதி, அவற்றைக் கணிப்பொறியே திரும்பத் திரும்பச் செய்யுமாறு பணிப்பதே மேக்ரோ. வேர்டு 97 முதல் இதற்கான மொழி விஷுவல் பேசிக் ஃபார் அப்ளிகேஷன்ஸ் ஆகும். ஆல்ட் விசையுடன் எஃப்8 விசையை அழுத்தினால் மேக்ரோ சாளரம் திறக்கும். அங்கு இடைவெளியின்றி ஒரு பெயரிட்டு, கீழ்வரும் படிகளைக் கட்டளைகளாக எழுதுக.

1. எழுத்துருவின் பெயரைக் கேட்டல்: இன்புட்பாக்ஸ் கட்டளையால் பெயரைப் பெறுக. அப்பெயர் கணிப்பொறியில் உள்ளதா என ஃபான்ட்நேம்ஸ் தொகுப்பில் தேடுக. இல்லையேல் செய்தி காட்டி நிறுத்திவிடுக. இப்படியைத் தவிர்த்தால், வேர்டு எதுவும் சொல்லாமல் வேறோர் எழுத்துருவைப் பதிலாக இட்டுவிடக்கூடும். அட்டவணை முழுவதும் பொய்யாகிவிடும்.

2. தாளை ஒழுங்குபடுத்தல்: புதிய ஆவணம் திறந்து, ஏ4 தாளும் நாற்புறமும் 1.5 செ.மீ. ஓரமும் அமைக்க. தலைப்பில் எழுத்துருவின் பெயரும் அச்சிடும் தேதியும் இடம்பெறட்டும்.

3. கட்டங்கள் அமைத்தல்: 28 நிரைகளும் 8 நிரல்களும் கொண்ட அட்டவணை இடுக. 28 × 8 = 224; ஒரு கட்டமும் மிகாது, குறையாது. நிரையின் உயரம் 0.9 செ.மீ. எனில் அட்டவணை 25.2 செ.மீ. கொள்ளும். ஓரங்கள் போக எஞ்சும் 26.7 செ.மீ. உயரத்தில் தலைப்பையும் அடக்கலாம்.

4. சுழற்சி: ஃபார், நெக்ஸ்ட் கட்டளைகளுக்கிடையே எண் 32இல் தொடங்கி 255 வரை செல்லட்டும். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் எண்ணை 7 புள்ளி அளவில் சாதாரண எழுத்துருவில் டைப்டெக்ஸ்ட் கட்டளையால் எழுதுக. பின்னர், ஓர் இடைவெளி விட்டு, 16 புள்ளி அளவில் இன்செர்ட்சிம்பல் கட்டளையால் குறியீட்டை இடுக. அதற்கு எழுத்துருவின் பெயரையும், 4096 கழித்த எண்ணையும் அளிக்க வேண்டும்; யூனிகோடு என்பதற்கு ‘ட்ரூ’ எனக் குறிக்க வேண்டும்.

5. அடுத்த கட்டத்துக்கு நகர்தல்: மூவ்ரைட் கட்டளையைக் கட்ட அளவில் பயன்படுத்துக. ஆயின் எண் 255ஆக இருக்கும்போது நகரக் கூடாது. இறுதிக் கட்டத்தில் நகர்ந்தால், டேப் விசையை அழுத்தியதைப் போலவே, புதிய நிரை ஒன்று சேர்ந்து அட்டவணை அடுத்த பக்கத்துக்கு வழியக்கூடும்.

சரிபார்த்தலும் பயன்படுத்தலும்

அட்டவணை சரியாக அமைந்ததா என்பதை ஒரு கணக்கால் அறியலாம். குறியீட்டின் எண்ணிலிருந்து 32 கழித்து 8ஆல் வகுக்க. ஈவுடன் 1 கூட்டினால் நிரை. மீதியுடன் 1 கூட்டினால் நிரல். விங்டிங்ஸ் பிறைக்கு 90 − 32 = 58; ஈவு 7, மீதி 2. எனவே பிறை 8ஆம் நிரையில் 3ஆம் கட்டத்தில் இருத்தல் வேண்டும். அங்கு இல்லையேல், சுழற்சியின் தொடக்கத்தையோ கழித்த எண்ணையோ மீளப் பார்க்க வேண்டும்.

அட்டவணையைக் கண்டு தட்டச்சு செய்வதும் எளிது. விங்டிங்ஸில் சரிக்குறியின் எண் 252. அவ்வெழுத்துருவைத் தேர்ந்து, ஆல்ட் விசையை அழுத்தியவாறே எண்விசைப் பகுதியில் 0252 எனத் தட்டினால் அக்குறி வரும். முன்னிற்கும் சுழியத்தை விடலாகாது.

முடிந்த அட்டவணையைத் தாளில் அச்சிடுவதோடு, எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். கோப்பாகவும் காத்து வைக்க. பிறர் அனுப்பும் மேக்ரோக் கோப்புகளை மூலம் அறியாமல் இயக்குதல் கூடாது. அவை வழியே கேடு விளையும் என்பதால், இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2022இல் கொண்டுவந்தது.

பழைய தமிழ்க் கோப்புகள்

இம்முறை படக்குறியீடுகளுக்கு மட்டும் உரியதன்று. யூனிகோடு பரவுமுன் வந்த தமிழ் எழுத்துருக்களும் ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் உருவங்களை ஏற்றியவையே. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் ‘க’ நின்ற எண்ணில் மற்றொன்றில் வேறெழுத்து நின்றது. சென்னையில் 1999இல் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் தரக் குறியீட்டு முறைகளை ஏற்றது; 2010இல் யூனிகோடை ஏற்றது. இவற்றுக்கு முன்னும் இடையிலும் தட்டச்சு செய்யப்பட்ட மலர்களும் ஆய்வேடுகளும் ஏராளம். அவற்றின் எழுத்துருக்களுக்கும் இத்தகைய அட்டவணை தேவை. அவற்றுள் சாதாரண எழுத்துருவாகப் பதிவானவற்றுக்கு 4096 கழிக்க வேண்டியதில்லை. அவ்வெண்ணுக்குரிய எழுத்தை நேரே இட்டு, எழுத்துருவின் பெயரை அளித்தால் போதும்.

நிலையான எண்கள்

அட்டவணை பழையதைப் படிக்கும் திறவுகோல். புதிதாக எழுதுவோர் யூனிகோடில் தனி எண் பெற்ற குறியீடுகளையே பயன்படுத்துதல் நலம். ஸலவாத்துக் குறியீட்டுக்கு 65018 என்னும் எண்ணும், பிஸ்மில்லாஹ் முழுத்தொடருக்கு 65021 என்னும் எண்ணும் உள்ளன. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் ஆகிய தமிழ்க் குறியீடுகள் 2003இல் 3059 முதல் 3066 வரை இடம்பெற்றன. தமிழ்ப் பின்னங்களும் பழங்கணக்குக் குறிகளுமாக மேலும் 51 குறியீடுகள் 2019இல் சேர்க்கப்பட்டன. விங்டிங்ஸ் படங்கள் பலவற்றுக்கும் 2014இல் தனி எண்கள் கிடைத்தன. எழுத்துரு மாறினாலும் இவ்வெண்களின் பொருள் மாறுவதில்லை. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் வெற்றுக் கட்டம் தோன்றினாலும், எண் தன் பொருளைக் காத்து நிற்கும், வேறொன்றாகத் திரிந்துவிடாது.

முடிவுரை

குறியீட்டு எழுத்துருவில் உருவம் உண்டு. அவ்வுருவம் எதைக் குறிக்கிறது என்னும் செய்தி கோப்பில் இல்லை. அச்செய்தியை அறிந்தவர் இருக்கும்போதே அதனைப் பதிந்து வைத்தல் வேண்டும். துறையின் பழைய கணிப்பொறி கைவிடப்படுமுன், அதில் உள்ள ஒவ்வொரு சிறப்பு எழுத்துருவுக்கும் மாணவர்கள் ஓர் அட்டவணை அச்சிடட்டும். ஒவ்வொரு குறியீட்டின் அருகிலும் அதன் பொருளை ஆசிரியர்களும் பெரியவர்களும் தம் கையால் எழுதித் தரட்டும். உருவத்தை மேக்ரோ தரும். பொருளை மனிதர்தாம் தர இயலும். இவ்விரண்டும் சேர்ந்த தாள் ஒன்று துறை நூலகத்தில் இருக்குமாயின், நம் முன்னோர் எழுதிய வாழ்த்தும் கணக்கும் வருங்காலத்தார்க்குப் பிழையின்றிச் சென்று சேரும், இன்ஷா அல்லாஹ்.