ஆறு நாளில் போகும் இரண்டு மாதம்

ஹஜ்ஜுக்கென்று தாபுங் ஹாஜியில் நாம் பலரும் பணம் சேர்த்து வருகின்றோம். பேராசிரியர் உங்கு அஸீஸ் அவர்கள் 1959-இல் கூறிய யோசனையின் பேரில் 1963-இல் தொடங்கிய நிதி அது. 1951-இல் நம் பினாங்கில் ஏற்பட்ட ஹஜ் அலுவலகமும் 1969-இல் அதனுடன் சேர்ந்தது. அது தரும் ஹிபாவுக்கு வருமான வரி கிடையாது.

அதன் கணக்கு முறையை மட்டும் நாம் கவனிப்பதில்லை. ஒரு மாதத்தில் இருப்பு எந்நாளில் மிகக் குறைவோ, அத்தொகைக்கே அம்மாதத்து ஹிபா. அமானா சஹாம் மலேசியாவின் இலாபப் பங்கும் அவ்விதமே.

ஒன்றிலிருந்து மற்றதற்கு 12,000 வெள்ளியை மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 28-இல் எடுத்து, செக் மாறிப் பிப்ரவரி 3-இல் போய்ச் சேர்ந்தால், எடுத்த இடத்தில் ஜனவரி பூஜ்யம். போட்ட இடத்தில் பிப்ரவரி பூஜ்யம். ஆண்டுக்கு நூற்றுக்கு 3 என்று கணக்கிட்டால் 60 வெள்ளி நஷ்டம். அதே ஆறு நாள் பிப்ரவரி 2 முதல் 8 வரை என்றால் 30 வெள்ளிதான். இருபது காசு குறைந்தால் கல்லாப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடுகிற நாம்தான் இதை விட்டுவிடுகிறோம்!

ஆகவே மாதம் பிறந்த பின்னரே பணத்தை எடுக்கவும். வெள்ளிக்கிழமை வேண்டாம், இடையில் சனி, ஞாயிறு விழுந்துவிடும்.