உறைந்த காயும் சுவைக்கும்

பனி என்னும் சொல் தமிழில் இருவேறு பொருள்களைக் குறிக்கும். பொன்முடி உச்சியில் கவிந்து நம் சட்டையை நனைப்பது மூடுபனி. உதகையில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளியை வெளுக்கச் செய்து, தேயிலைக் கொழுந்தையும் காய்கறிச் செடிகளையும் கருக வைப்பது உறைபனி. முன்னது நீர்த்துளி, பின்னது பனிக்கட்டி. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமேயுள்ள பொன்முடியில் உறைபனியைத் தேடிப் பயனில்லை. ஆயின் அதன் அடிவாரத்திலே, நம் விதுராக் கடைத்தெருவிலே, கண்ணாடி மூடியிட்ட குளிர்ப்பெட்டிக்குள் அது நாள்தோறும் காட்சி தருகிறது. பட்டாணியும் காரட்டும் பீன்சும் அங்கே கல்லாய் உறைந்து கிடக்கின்றன.

நம் மாணவர் பலர் அவற்றை வாங்குகின்றனர். வாங்காமல் என் செய்வது? ஆய்வுக்கூடத்தினின்று இரவு ஒன்பதரை மணிக்கு வெளிவருவோருக்கு உணவுக்கூடக் கதவு திறந்திராது. விடுதிச் சமையலறை மின்னடுப்பும் அந்த உறைந்த பொட்டலமுமே கதி. அதனைக் கொதிநீரில் கொட்டி, மூடி, பத்து நிமிடம் வேகவிட்டு, "சப்பென்று இருக்கிறது" என்று முகஞ்சுளித்துப் பாதியைக் குப்பையிலிடுகின்றனர். மறுநாள் முதல் ரொட்டியும் பிஸ்கோத்துமே இரவுணவு. உதவித்தொகையில் காலந்தள்ளும் நமக்கு இது பணத்திற்கும் கேடு, உடலுக்கும் கேடு. குற்றம் காயினிடத்தில் இல்லை என்பதே என் துணிபு.

இக்காய்களின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். கிளாரென்ஸ் பேர்ட்சை என்னும் அமெரிக்கர் 1912ஆம் ஆண்டில், இன்றைய கனடாவைச் சேர்ந்த லாப்ரடாருக்கு மென்மயிர் வாணிகம் கருதிச் சென்றார். அங்குள்ள இனுயிட் மக்கள் கடுங்குளிரில் பிடித்த மீன் உடனே விறைத்து உறைவதையும், நெடுநாள் கழித்துச் சமைத்தபோதும் அது புதுமீன் போலவே சுவைப்பதையும் கண்டார். விரைந்து உறைதலே அதற்குக் காரணம் என உணர்ந்தார். 1930இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அவர் முறையில் உறைந்த பட்டாணியும் கீரையும் விற்பனைக்கு வந்தன.

விரைவில் என்ன இருக்கிறது? காயில் பெரும்பகுதி நீர். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கிறது. மெதுவாக உறைந்தால் பெரும் படிகங்கள் வளர்ந்து செல் சுவர்களைக் கிழித்துவிடும். விரைவாக உறைந்தால் படிகங்கள் நுண்ணியவாக நின்றுவிடும். உதகையில் உறைபனி பட்ட கொழுந்து வெயிலேறியதும் துவண்டு கருகுவதற்கும் செல்கள் இவ்வாறு சிதைவதே காரணம். தொழிற்சாலையில் எத்துணை விரைந்து உறைய வைத்தாலும் ஒரு சில சுவர்கள் உடைந்தே தீரும்.

இன்னொன்றும் உண்டு, நம் அன்பர்கள் பெரும்பாலோர் அறியாதது. உறைய வைக்குமுன் பெரும்பாலான காய்களைச் சில நிமிடம் கொதிநீரிலோ நீராவியிலோ இட்டு எடுக்கின்றனர். காயிலுள்ள நொதிகள் −18 பாகைக் குளிரிலும் முற்றும் ஓய்வதில்லை; மணத்தையும் நிறத்தையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். அவற்றை அடக்கவே இந்த வெந்நீர்க் குளியல். இதில் வைட்டமின் சி சிறிது கரைந்து போவது மெய்தான். ஆனால் பறித்த பின் சாக்கில் கட்டுண்டு, லாரியேறி, கடையில் இரண்டு நாள் வாடிய பீன்சும் அதனை இழந்துகொண்டேதான் வருகிறது. பச்சைப் பட்டாணியின் சர்க்கரையோ பறித்த நாழிகை முதலே மாவுப்பொருளாக மாறத் தொடங்கிவிடும். பறித்த சில மணி நேரத்தில் உறைய வைத்த பட்டாணி, நம்மூர்ச் சந்தைப் பட்டாணியைவிட இனிப்பது இதனாலேதான்.

ஆக, நம் கைக்கு வருவது முன்பே அரைகுறையாய் வெந்த காய். நீரைக் கசியவிடக் காத்திருக்கும் காய். அதனைப் பச்சைக்காய் போல நினைத்து மறுபடியும் பத்து நிமிடம் நீரில் வேகவைத்தால் வேறென்ன கிடைக்கும்?

இனி வெப்பக் கணக்கு. இயற்பியல் பயில்வோர் பொறுத்தருள்க. ஒரு கிராம் பனிக்கட்டியை −18 பாகை சென்டிகிரேடிலிருந்து 0 பாகைக்குக் கொணர 9 கலோரி வேண்டும். அதனை உருக்க 80. உருகிய நீரைக் கொதிநிலைக்கு ஏற்ற 100. மொத்தம் 189 கலோரி. 30 பாகையில் உள்ள சாதாரண நீருக்கோ 70 கலோரியே போதும். உறைந்த காய் சட்டியிலிருந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு வெப்பத்தைப் பறிக்கிறது என்பது இதனால் விளங்கும். சட்டி சட்டென்று ஆறிவிடும். கசிந்த நீர் ஆவியாக வழியின்றி அடியில் தேங்கும். காய் வதங்காமல் அந்நீரிலேயே ஊறும். நாம் சமையற்குறை என்று எண்ணுவது உண்மையில் வெப்பக்குறை.

ஆகவே அடிகனத்த இருப்புச்சட்டியை, அல்லது தோசைக்கல்லையே, எடுத்துக்கொள்க. எண்ணெய் விடாமல் நன்றாகக் காயவிடுக. பொட்டலத்தை உருகவிடாமல், ஒரு கைப்பிடியோ இரண்டு கைப்பிடியோ மட்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி பரப்புக. மூடாதீர்கள், உப்பும் இடாதீர்கள், உப்பு நீரை வெளியே இழுக்கும். முதலில் சலசலவென்று ஓசை எழும். ஆவி அடங்கியதும் அது படபடவென்று வறண்ட ஓசையாக மாறும். காது கேட்டுச் சமைக்கவேண்டிய இடம் இது. அப்போது காயை ஒதுக்கி, நடுவில் எண்ணெய் விட்டுக் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டுக. உப்பும் தேங்காய்த் துருவலும் கடைசியில். பீன்ஸ், காரட் பொரியலுக்கு இது தவறாத வழி. நான்கு பேருக்கு ஆக்குவதாயின் இருமுறையாகப் பிரித்து ஆக்குவதே நலம்.

எல்லாக் காய்க்கும் ஒரே சட்டம் இல்லை. வெண்டைக்காயை ஒருபோதும் உருகவிடக் கூடாது, வழவழப்பு பெருகிவிடும். கீரையை மட்டும் உருகவிட்டுப் பிழிந்து எடுக்கவேண்டும். பிழிந்த நீர் பருப்புக்கு ஆகும். முருங்கைக்காய்க்கு உறைதலால் பெருங்கேடு இல்லை. நார் நாராகவே இருக்கும். நாம் உண்பது உள்ளிருக்கும் சதையைத்தானே! மலையாளிகள் அயல்நாட்டிலும் விடாது உண்ணும் உறைந்த மரவள்ளியை, மஞ்சளிட்டுக் கொதிக்கும் நீரில் நேரே போட்டு, திறந்து வேகவைத்து, நீரை வடித்துவிடவேண்டும்.

தேங்காய்த் துருவலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே கட்டியாகும் இயல்பினது. உறைந்த துருவலை அப்படியே அரைத்தால் பால் வராது. வெண்ணெய் போன்ற திவலைகளே வரும். வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் ஊறவிட்டு அரைத்தால் முதற்பால் திடமாகக் கிட்டும்.

அப்பால் கிட்டினால், திருநெல்வேலிச் சொதிக்கும் குறைவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் இதற்கு என்னை மன்னிக்கமாட்டார்கள்! உருளைக்கிழங்கையும் முருங்கைக்காயையும் இரண்டாம் பாலில் முதலில் வேகவைத்துவிட்டு, அது கொதிக்கும்போது உறைந்த பட்டாணி, பீன்ஸ், காரட்டைச் சேர்க்க வேண்டும். மீண்டும் கொதி வந்ததிலிருந்து மூன்று நிமிடம் போதும். வெந்த பாசிப்பருப்பும், இஞ்சி, பச்சைமிளகாய் அரைத்த விழுதும் கலந்து, முதற்பாலை விட்டு நுரை கூடும்போதே இறக்கி, எலுமிச்சை பிழிக. சென்ற பொங்கலன்று இதனை உண்டவர்கள் ‘இது எந்தச் சந்தைப் பட்டாணி?’ என்றுதான் கேட்டனர்.

வாங்கும்போது பொட்டலத்தை அசைத்துப் பாருங்கள். பட்டாணி தனித்தனியே உருண்டால் நன்று. ஒரே பாறையாக இருந்தால் மின்சாரம் நின்றபோது உருகி மறுபடி உறைந்தது என்று கொள்ளலாம், அதனைத் தவிர்க்க. வெந்ததுதானே என்று சமைக்காமல் உண்பதும் ஆகாது. ஐரோப்பாவில் 2015 முதல் 2018 வரை, உறைந்த மக்காச்சோளத்தோடு தொடர்புடைய லிஸ்டீரியா நோய் 47 பேரைப் பற்றியது. அவருள் 9 பேர் இறந்தனர். குளிர் அக்கிருமியைக் கொல்லாது, கொதியே கொல்லும்.

ஊருக்குச் சென்று திரும்புவோர் வீட்டுத் தோட்டத்துக் காய்களைப் பைநிறையக் கொணர்ந்து, மூன்றாம் நாள் வாடவிடுவது வழக்கம். சீனியவரையோ பீன்சோ, நறுக்கிக் கொதிநீரில் மூன்று நிமிடம், உரித்த பட்டாணியாயின் ஒன்றரை நிமிடம் இட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆற்றி, துணியில் ஈரம் போகத் துடையுங்கள். தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உறைப்பெட்டியில் வைத்து, விறைத்தபின் பையிலிட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். பையின்மேல் பெயரும் தேதியும் எழுத மறவாதீர்கள்; நம் விடுதி உறைப்பெட்டியில் பெயரில்லாப் பை இரண்டு நாள் தங்குவதில்லை.